பங்கு

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் ஒரு குருவின் பொறுப்பில் இருக்கும் நிலப்பகுதியையும் அதில் வாழும் விசுவாசிகளையும் சேர்த்துப் 'பங்கு' என்கிறார்கள். பங்குக்கோயில், பங்குச்சாமியார், பங்கு மக்கள் என்று பேச்சு வழக்கில் சொல் பெருகுகிறது. ஞானஸ்நானம் எந்தப் புத்தகத்தில் பதிவாக வேண்டும், ஓலை எந்தக் கோயிலில் வாசிக்கப்பட வேண்டும், செத்தால் எந்தக் கல்லறை என்பதெல்லாம் பங்கைப் பொறுத்தது. இதே விஷயத்தைத் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ.க்காரர்கள் 'சேகரம்' என்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. சொந்தமில்லாத ஓர் இடத்தில் அண்டி வாழ்வது என்பது அதன் ஆதி அர்த்தம். இந்த உலகத்தில் தாங்கள் பரதேசிகள், வந்து தங்கியிருப்பவர்கள் என்று நினைத்த ஒரு சிறு கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர், பின்னால் சர்வே எண்ணும் எல்லைக்கல்லும் கொண்ட ஒரு நிர்வாகப் பிரிவின் பெயராகிவிட்டது.

தமிழ்ச் சொல்லில் அந்தப் பரதேசி இல்லை. இதில் இருப்பது சொத்துப் பிரிவினை. பங்கு என்றால் எனக்கு வர வேண்டியது. பங்கு என்றாலே பாகம் பிரிப்பதும் உண்டு, பங்கேற்பதும் உண்டு. சேலம் பக்கத்தில் பங்காளி என்பவன் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவன், சாவுக்குத் தீட்டுக் காக்கிறவன். வரப்புத் தகராறில் எதிர்க்கட்சிக்காரனும் அவனேதான். உறவும் விரோதமும் ஒரே சொல்லில் இருப்பதைத் தமிழ் தற்செயலாகச் செய்யவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கோட்டுக்குள் சேர்ந்திருக்கிறவர்கள்தான் ஒருவரை ஒருவர் ஏமாற்றவும் முடியும்.

எல்லை என்பது மனிதனுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியை இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு யோசிக்கலாம். எல்லை வெளியே நிறுத்துவதற்காகவா, உள்ளே இருப்பவனுக்கு யாரையாவது பதில் சொல்ல வைப்பதற்காகவா? ஒரு பங்கை இரண்டாக்குவது எப்போது நியாயம், எப்போது அநியாயம்? ஒன்றாகவே வைத்திருப்பது எப்போது அன்பு, எப்போது ஆதிக்கம்?

தம்மம்பட்டியிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி வெறும் கோட்பாடாக நிற்காது. மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை, நடுவே கொல்லிமலையிலிருந்து இறங்கி வெள்ளாற்றைத் தேடிப் போகும் சுவேத நதி. தெற்கே போனால் துறையூர், திருச்சி ஜில்லா. மலையைச் சுற்றி மேற்கே போனால் நாமக்கல் ஜில்லா. மரத்தில் சாமி சிலைகளும் வாகனங்களும் செதுக்கும் இந்த ஊர் எப்போதும் எதன் ஓரத்திலாவது இருந்துகொண்டிருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த நிலத்தோடு கம்பெனியின் கைக்குப் போன சேலம் நாடு, அலெக்சாண்டர் ரீடின் கீழ் வயல் வயலாக அளக்கப்பட்டது. விவசாயி ஒவ்வொருவனும் தன் துண்டுக்குத் தானே சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ரயத்துவாரி ஏற்பாடு இந்த அளவையிலிருந்து வளர்ந்தது. நாமக்கல் தாலுகா 1910இல் திருச்சி ஜில்லாவுக்குப் போனது, 1929இல் சேலத்துக்குத் திரும்பியது. 1965இல் தர்மபுரி பிரிந்தது. 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. ஆத்தூர் தாலுகாவிலிருந்து கெங்கவல்லி பிரிந்தபோது தம்மம்பட்டி அதனோடு போனது. இத்தனைக்கும் மலையோ ஆறோ நகரவில்லை. ஒருவன் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே வேறு வேறு கச்சேரிகளின் குடிமகனாகியிருக்கிறான்.

திருச்சபையின் கோடுகளும் இந்தக் கோடுகளின் பின்னாலேயே நடந்து வந்தன. சேலம் மறைமாவட்டம் 1930 மே மாதத்தில் ஏற்பட்டது. பாரிஸ் வேத போதக சபையைச் சேர்ந்த ஹென்றி ப்ருனியே அதன் முதல் ஆயர். சர்க்கார் தர்மபுரியைப் பிரித்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 1997இல், தர்மபுரி தனி மறைமாவட்டமாயிற்று. பரலோகத்தைப் பற்றிப் பேசுகிற ஸ்தாபனம் ரெவின்யூ இலாகாவின் வரைபடத்தை ஏன் இத்தனை பொறுமையாகப் பின்தொடர வேண்டும்? காரணம் எளிது. இரண்டுக்கும் தலைகளை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு மனிதன் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

ஆனால் இந்தச் சமவெளியில் கிறிஸ்தவத்தின் முதல் எல்லை மண்ணில் போடப்படவில்லை. கொல்லிமலைக்கு அந்தப்புறம் சேந்தமங்கலத்துக்கும் பிறகு சேலத்துக்கும் ராபர்ட் தெ நொபிலி வந்தது 1623இல். அன்று பங்கு கிடையாது. சந்நியாசி தங்கும் இடங்கள் இருந்தன, சீடர்கள் இருந்த ஊர்கள் இருந்தன, அவற்றுக்கிடையில் நடைவழி இருந்தது. மேல்சாதிக்காரர் ஏற்க வேண்டும் என்று நொபிலி பிராமண சந்நியாசியின் உடையும் உணவும் கொண்டார். அதன் தவிர்க்க முடியாத விளைவாக, அவர் மற்றவர்களோடு பகிரங்கமாகப் பழக முடியாமல் போயிற்று. மற்றவர்களுக்காகப் பண்டாரசாமிகள் என்று வேறொரு வகைக் குருக்கள் ஏற்பட்டார்கள். பல்தசார் தா கோஸ்தா 1640இல் முதல் பண்டாரசாமியானார். ஒரே நிலம், ஒரே விசுவாசம், இரண்டு வகைக் குருக்கள். எல்லைக்கோடு குருவின் உடம்பிலேயே, காவியிலும் சோற்றிலும் ஓடியது. நொபிலியின் அறிவுத் துணிச்சலை மறுக்க வேண்டியதில்லை. தமிழ் உரைநடையின் சரித்திரத்தில் அவருக்குள்ள இடத்தையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே வருவதற்குக் கதவைத் திறந்தவரே வீட்டுக்குள் தட்டி அடைக்கவும் வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

பிறகு வேறொரு விசித்திரம். போர்த்துக்கல் அரசனின் பாதுகாப்பு உரிமையில் வந்த குருக்களும், ரோமாபுரி நேராக அனுப்பிய குருக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே ஊர்களின்மேல் அதிகாரம் கொண்டாடினார்கள். ஒருவர் கட்டிவைத்த கல்யாணத்தை மற்றவர் செல்லாது என்று சொல்லக்கூடிய நிலை. ஒரு சாமியாரோடு மனஸ்தாபம் வந்தால் ஊரார் அடுத்த கட்சிச் சாமியாரிடம் போய்விடலாம். இதைச் சீரழிவு என்றே சபைச் சரித்திரங்கள் எழுதுகின்றன. சீரழிவுதான். ஆனால் குருவுக்கு ஜனங்களிடம் கொஞ்சம் பயம் இருந்த காலமும் இதுவே. 1886இல் போர்த்துக்கலும் ரோமாபுரியும் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும் மயிலாப்பூர் ஆயர் நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கம் தூரத்தில் ஒரு துண்டு நிலத்தை வைத்திருந்தார்; 1952இல்தான் அது தஞ்சாவூர் மறைமாவட்டமாயிற்று. மண்ணின்மேல் தெளிவாகப் போட்ட கோடு சமாதானமாக வந்தது. கூடவே ஜனங்களிடம் இருந்த அந்தச் சிறிய பேரம் பேசும் சக்தியையும் எடுத்துக்கொண்டது.

இங்கே கடல் தாண்டி ஓர் உதாரணம் பார்ப்பது பிரயோஜனப்படும். கனடாவில் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய கெபெக் பகுதியில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரையிலும் நீள நீளமான கீற்று நிலங்களாகக் கிராமங்கள் அமைந்தன. பங்கு எல்லைகளை நிச்சயிப்பதற்காக 1721இல் மத்தியூ-பெனுவா கொலே என்ற அரசு வழக்கறிஞர் ஊர் ஊராகப் போய் விசாரணை நடத்தினார். குடியானவர்களைக் கூட்டிவைத்து, இன்ன கோயிலோடு சேர்ந்திருப்பது உங்களுக்குச் சௌகரியமா அசௌகரியமா என்று கேட்டு எழுதிக்கொண்டார். கோயில் தூரம், வழியில் ஆறு, பாதை மோசம் என்று அவர்கள் சொன்னது பதிவாயிற்று. 1722இல் பிரெஞ்சு அரசன் அந்த எல்லைகளை உறுதி செய்தான். அங்கே எல்லையை மாற்றக் கேட்பவன் சொன்ன நியாயம் எவரும் புரிந்துகொள்ளக்கூடியது: நடக்க முடியவில்லை. பனியும் ஆறும் எல்லோருக்கும் பொது. பங்கைப் பிரிக்கச் சொல்வதில் யாருக்கும் அவமானமில்லை.

நம்மிடம் தூரம் மைலில் அளக்கப்படுவதில்லை. விழுப்புரம் ஜில்லாவில் அப்போது இருந்த, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரை எடுத்துக்கொள்வோம். ஆத்தூரிலிருந்து கிழக்கே போகும் சாலையில் சில மணி நேரம். பழைய, பெரிய பங்கு. அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கின் மக்கள். தெருக்களுக்கு நடுவே ஆறு இல்லை, பனி இல்லை. பங்குக்கோயில் நடந்துபோகும் தூரம்தான். ஆனாலும் கோயிலுக்குள் உட்காரும் இடம், பிணம் போகும் பாதை, புதைக்கும் இடம் எல்லாம் வேறு வேறாக இருந்தன. தலித் மக்கள் தங்கள் பகுதியில் உள்ள சிறு கோயிலைத் தனிப்பங்காக அறிவிக்கும்படி கேட்டார்கள். பங்கு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்த்தார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி தலித் தெரு தாக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் நம்மை நிறுத்த வேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒற்றுமை கேட்டவர்கள் யார், பிரிவினை கேட்டவர்கள் யார் என்பதே அது. சாதாரணமாக நம் அறவுணர்வு ஒற்றுமையின் பக்கம் சாயும். சுவர் எழுப்புகிறவன் குற்றவாளி, சுவரை இடிக்கிறவன் நல்லவன் என்று நாம் பழகியிருக்கிறோம். அதற்கு நல்ல உதாரணமும் உண்டு. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், கோயிலுக்குள்ளேயே ஜாதிக்கொரு பக்கமாகப் பிரித்து நின்ற தடுப்பை 1910இல் கௌசானல் என்ற குரு அகற்றினார். தடுப்புத் திரும்ப வேண்டும் என்று கேட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். வடக்கன்குளத்தில் பிரிவு வேண்டாம் என்பது நீதியாக இருந்ததென்றால், எறையூரில் பிரிவு வேண்டும் என்பது எப்படி நீதியாகும்?

இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முரண்பாடாகத் தெரியும். தராசு தப்பு. வடக்கன்குளத்தில் பிரிவைக் கேட்டவர்கள் மற்றவர்களின் சமீபம் தங்களைத் தீட்டுப்படுத்தும் என்று நினைத்தவர்கள். எறையூரில் பிரிவைக் கேட்டவர்கள் ஒன்றாயிருப்பதன் விலையைத் தினமும் தாங்கள் மட்டுமே கட்டிக்கொண்டிருந்தவர்கள். முதலாவது, பங்கைப் பிறருக்கு மறுப்பதற்கான எல்லை. இரண்டாவது, மறுக்கப்பட்ட பங்கைப் பெறுவதற்கான எல்லை. கோடு ஒன்றுபோலத் தெரிகிறது. கோட்டை யார் கை போடுகிறது, எதற்காகப் போடுகிறது என்பதில் வித்தியாசம் இருக்கிறது. தனியாகப் போகிறோம் என்று ஒருவன் சொன்னால் போகாதே என்று தடுக்கிற உரிமை, இத்தனை நாள் அவனைத் தன்னோடு சமமாக உட்காரவைத்தவனுக்கு மட்டும்தான் உண்டு. பின்வரிசையில் உட்காரவைத்தவன் ஒற்றுமை பேசும்போது அவன் காப்பாற்ற நினைப்பது ஒற்றுமையை அல்ல, வரிசையை.

இருந்தாலும் இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லியாக வேண்டும். தனிப்பங்கு கொடுப்பது ஸ்தாபனத்துக்கு வசதியான வழி. சண்டை தீர்ந்தது, ஆளுக்கொரு கோயில், ஆளுக்கொரு சாமியார். பெரிய கோயிலில் எந்த மனமும் மாறத் தேவையில்லை. ஜாதிக்கு மண்ணிலே ஒரு வரைபடம் கிடைத்துவிடுகிறது. நாளை அதற்கு முத்திரையும் பதிவேடும் வந்துவிடும். பிரிவினை கேட்பவனின் நியாயம் அவனை மீண்டும் அவன் தெருவுக்குள்ளேயே வைத்துப் பூட்டுகிற சாவியாகலாம். இந்த ஆபத்து நிஜமானது. ஆனால் இந்த ஆபத்தைக் காட்டிக் கோரிக்கையை மறுப்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். பாகம் பிரித்த பிறகு கடன் தீர்ந்துவிடுவதில்லை. தம்பி தன் பாகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்பதற்காக, இத்தனை வருஷம் அவன் உழைப்பில் அண்ணன் சாப்பிட்ட கணக்கு அழியாது. பிரித்துக் கொடுத்த பங்கு, பிரிந்து போன பங்குக்குக் கடன்பட்டே நிற்கிறது. தனிப்பங்கைக் கொடு, உன் கோயிலையும் மாற்று என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறபோதுதான் நியாயம் முழுமையாகிறது.

இதைச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சட்டத்தில் வாய் எங்கே இருக்கிறது? 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில், பங்கை ஏற்படுத்துவதும் எடுப்பதும் மாற்றுவதும் ஆயருக்கு மட்டுமே உரியவை. குருக்கள் மன்றத்தைக் கேட்காமல் அவர் இதைச் செய்யக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதி பங்கு மக்களின் பெயரைச் சொல்லவில்லை. 1721இல் ஒரு சர்வாதிகார அரசனின் வழக்கறிஞன் குடியானவனைக் கூப்பிட்டு உனக்குச் சௌகரியமா என்று கேட்டான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்காரின் சட்டமோ இன்னொரு திசையில் போகிறது. 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணை இந்து அல்லாதவர்களைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆக, கோயிலுக்குள் போனவனுக்கு ஜாதி இல்லை என்று சர்க்கார் சொல்கிறது. உனக்கு ஜாதி உண்டு என்று கோயில் வரிசை சொல்கிறது. இரண்டு எல்லைகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்திலும் பங்கு இல்லை.

இது கிறிஸ்தவர்களின் வீட்டுச் சமாசாரம் என்று ஒதுங்கிவிட முடியாது. ரெவின்யூ ரெகார்டில் ஒரு கிராமம் என்றால் அதன் சேரியும் சேர்ந்ததுதான். ஆனால் பேச்சில் 'ஊர்' என்று சொன்னால் சேரி அதில் இல்லை. ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு, ஊர்ப்பொது என்றால் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாரியம்மன் நோன்புக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும்போது சிலரிடம் வாங்குவதில்லை. வரி கேட்காமல் விட்டது தயவு மாதிரித் தோன்றும். வரி கொடுத்தவனுக்குத்தான் பரிவட்டமும் பிரசாதமும் முறையும். கேட்காமல் விடுவது, பங்கில்லை என்று சொல்வதன் மரியாதையான வடிவம். நம்மில் கிராமத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர்கள் 'ஊரே திரண்டது', 'ஊரே அழுதது' என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். அந்த வாக்கியத்தின் எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று எழுதுகிறவனும் கேட்பதில்லை, படிக்கிறவனும் கேட்பதில்லை. சர்வேக்காரனின் சங்கிலியைவிட மொழி போடும் எல்லை உறுதியானது, ஏனென்றால் அதற்கு அப்பீல் கிடையாது.

எல்லையே வேண்டாம் என்று சொல்லலாமா? நவீன மனத்துக்கு அது கவர்ச்சியான பதில். விலாசமற்ற சுதந்திர மனிதன் நம் கவிதைகளில் நிறைய உலவுகிறான். ஆனால் எல்லையற்ற இடத்தில் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பங்கு முறையின் ஆதாரமான நல்ல அம்சம் ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கோட்டுக்குள் கிடக்கும் எந்த மனிதனைப் பற்றியும் எனக்குத் தெரியாது என்று குரு சொல்ல முடியாது. வீடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும், ஏழைகளையும் தனித்து விடப்பட்டவர்களையும் ஊர் விட்டு வந்தவர்களையும் தேடிப் போக வேண்டும் என்று சட்டமே அவனுக்குக் கடமையாக எழுதிவைத்திருக்கிறது. கடமைக்கு ஓர் அளவு வேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்கிறவன் ஒருவருக்கும் பொறுப்பாவதில்லை.

அதே சட்டத் தொகுப்பில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு விதி இருக்கிறது. ஓரிடத்தில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு இருப்பவன், அல்லது ஐந்து வருஷம் முழுதும் தங்கியவன், அந்த இடத்துக்காரன். மூன்று மாதம் தங்குகிறவனுக்கும் ஒரு குறைந்த அளவு உறவு உண்டு. இரண்டுமில்லாத நாடோடிக்கு யார் குரு? அவன் அந்த நேரத்தில் எங்கே நிற்கிறானோ, அந்த இடத்துப் பங்குச்சாமியாரே அவனுடைய குரு. அவன் விலாசம் சொல்ல வேண்டியதில்லை, வரி கட்டியிருக்க வேண்டியதில்லை, கூட்டம் கூடி அவனை ஏற்க வேண்டியதில்லை. காலடியில் இருக்கும் மண்ணே அவனுடைய உரிமை.

இந்தப் பிரதேசத்தில் இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரிகள் நாடு முழுக்கப் போகின்றன. மத்திய இந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள் அவற்றில் குழாய் தூக்குகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரன் மாதத்தில் பாதி நாள் எந்த ஊரிலும் இல்லை. எந்தப் பங்கின் புத்தகத்திலும் இவர்கள் பெயர் சரியாக ஏறாது. வந்து தங்கியிருப்பவன் என்ற அந்தப் பழைய கிரேக்க அர்த்தம், பங்குச்சாமியாரைவிட இவர்களுக்குத்தான் பொருந்துகிறது. எறையூர்ச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தும், நின்ற இடத்தில் ஒரு நாடோடிக்குச் சட்டம் தரும் உரிமைகூட இல்லாமல் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

ஒரு பங்கின் எல்லை சரியா தப்பா என்பதற்குப் பரிட்சை, அது எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதோ, உள்ளே எத்தனை பேர் ஒன்றாகத் தெரிகிறார்கள் என்பதோ அல்ல. கோட்டுக்குள் கடைசியில் நிற்பவன், இங்கே எனக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இன்னார் என்று விரலை நீட்டிக் காட்ட முடிகிறதா என்பதே. முடிகிற வரை அந்தக் கோடு இருக்கட்டும். முடியாதபோது அதை அழிப்பதா, இன்னொரு கோடு போடுவதா என்பதை ஆயரும் கலெக்டரும் ஊர்ப் பெரியதனக்காரரும் தீர்மானிப்பதற்கு முன்னால், அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.